ஸ்டானிகாவுக்கு ஒரே ஒரு ஆட்டம்

இறந்தவர்களுக்காக ஈஸ்டர் அன்று கைகோத்து ஆடுவது எங்கள் ஊர் வழக்கம். ஒருவருக்கு ஒரே ஆட்டம்தான். போன வருஷம் போய்விட்ட என் மனைவி ஸ்டானிகாவுக்கு நேற்று ஆட்டம் வைத்தேன். இறந்தவரே வந்து கூட ஆடுவார் என்பதெல்லாம் அக்கார்டியன்காரன் பிழைப்புக்குக் கட்டிய கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

வலப்பக்கம் மூன்று அடி, இடப்பக்கம் ஓர் அடி, அவ்வளவுதான். ஐந்து வயசுப் பிள்ளையும் ஆடும். ஸ்டானிகாவுக்கு மட்டும் நாற்பது வருஷமாகியும் வரவில்லை. எல்லோரும் இடப்பக்கம் போனால், இவள் வலப்பக்கம் வந்து என் காலை மிதிப்பாள். மிதித்துவிட்டு என்னையே திட்டுவாள்.

"என்னண்ணே, கம்பம் மாதிரி நிக்கிற? வரிசை வால்ல வந்து ஒட்டிக்கோ!" என்றான் தம்பி யோன்.

ஒட்டிக்கொண்டேன். வலக்கையை யோன் பிடித்திருந்தான். இடக்கை சும்மா தொங்கியது.

மூன்றாவது சுற்றில் அந்தக் கையையும் யாரோ பிடித்தார்கள். சூடான கை. அடுத்த இடப்பக்க அடியில் என் கால் நசுங்கியது.

 திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு முடியப் போகிறதே என்றுதான் பதறினேன்.

"நிறுத்தாதடா! வாசி!" என்று கத்தினேன்.

அக்கார்டியன்காரன் எரிச்சலோடு நிமிர்ந்தான். என் இடப்பக்கம் பார்த்தான். மரியாதையாகத் தலையைத் தாழ்த்திவிட்டு, பாட்டை முதலிலிருந்து தொடங்கினான்.