மூன்று விரல் இடைவெளி

“துடைக்க மாட்டேன்” என்றேன்.

மேலாளர் காதில் விழாதது போல இன்னொரு முறை சொன்னார். நானும் இன்னொரு முறை சொன்னேன்.

சதுப்பு நிலத்துப் பறவைகளைப் பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டிய மையம் இது. மண் சுவர், நாணல் கூரை, தண்ணீருக்கு மேலே மரக்கால்களில் நிற்கும் தரை. ஏசி கிடையாது. கட்டும்போது இங்கே நின்ற ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லையாம். இயற்கைக்குக் கேடு செய்யாத கட்டடம் என்று பரிசு கொடுக்க அன்று பத்து மணிக்கு நடுவர்கள் வருவதாக இருந்தது.

எல்லாம் மினுங்கியது. ஏரியைப் பார்த்த கண்ணாடிச் சுவரில் மட்டும் மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பளபளா. கதவின் கைப்பிடியில் தன் முகம் தெரியாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

“பத்து நிமிஷ வேலைம்மா. ஒரு வாளித் தண்ணி, ஒரு துணி. அதுக்குக்கூட உடம்பு வளையாதா?”

சட்டைப் பையிலிருந்த தாளைத் தட்டிக் காட்டினார். என் வேலையை நிரந்தரமாக்கும் தாள். பதினோரு மாதமாகத் தற்காலிகமாகவே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

டிக்கெட் கொடுக்கும் அக்கா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினாள். “வாயக் குடுத்து மாட்டிக்காதடி. துடைச்சுத் தொலை.”

அக்கா சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அந்தத் தாள் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மகாராணியா?

ஆனாலும் வாளியைத் தொடவில்லை.

“சார், துடைக்கப் பத்து நிமிஷம்தான். பூசறதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “பூசறதா? இத நீயா பண்ற?”

ஆமாம், நான்தான். சம்பளம் வாங்குவது சுத்தம் செய்ய. ஆனால் தினமும் விடியும்போதே வந்து அழுக்காக்குகிறேன். மண் சுவருக்கு அடித்தது போக மிஞ்சிய சுண்ணாம்பில் கொஞ்சம் சோப்பைக் குழைத்து, வெளிப்பக்கம் ஓடும் ஓரடிப் பலகையில் நின்று கோடு கோடாக இழுக்கிறேன். பனி கரைத்துவிடும். மறுநாள் மறுபடியும் இழுப்பேன். சதுப்புக் காற்று அடித்துத்தான் இப்படி ஆகிறது என்று அவரிடம் புளுகி வைத்திருந்தேன். காற்று இவ்வளவு நேராகக் கோடு போடுமா என்று அவர் கேட்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் துடைத்த துடைப்பில் கண்ணாடியே காணாமல் போயிற்று. பளபளா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். ஏரியும் வானமும் கண்ணாடிக்குள்ளேயும் இருந்தன.

மதியத்துக்குள் பலகைமேல் ஏழு குருவிகள்.

ஒன்று என் குப்பை முறத்தில் கிடந்தபடி இரண்டு தடவை வாயைத் திறந்தது. என் கை துடைத்ததால் செத்தது. அன்று அந்தக் கையால் சாப்பிட முடியவில்லை.

அவரிடம் போய்ச் சொன்னேன். யார் கண்ணிலும் படாமல் கூட்டித் தள்ளச் சொல்லிவிட்டு, “இந்தக் கட்டடத்தால் ஒரு புல்லுக்குக்கூடக் கேடில்லை” என்று வந்தவர்களிடம் வழக்கமான பாடத்தை ஒப்பிக்கப் போனார்.

முதலில் ஒரு சாண் விட்டுக் கோடு போட்டேன். நடுவில் புகுந்து போகப் பார்த்து மோதின. அதில் பாதியாக்கினேன். குறைந்தது. மூன்று விரல் இடைவெளிக்கு வந்த பிறகு எட்டு மாதமாக ஒன்றுகூட இல்லை.

இதையெல்லாம் சொல்ல அவர் எங்கே விட்டார்? “பைத்தியமா உனக்கு?” என்று வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு தானே வெளிப் பலகையில் இறங்கினார். நடுக் கண்ணாடியை மட்டும் தேய்த்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே துடைத்தார். அந்த இடத்தில் கண்ணாடி காணாமல் போயிற்று.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

“பேப்பருக்குப் படம் எடுக்கறவரைக்கும் அசையாம நில்லு. அவங்க போனதும் கையெழுத்துப் போடறேன்” என்று என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிவிட்டு ஓடினார்.

கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். அவ்வளவுதான். நடுவர்கள் வந்தார்கள், மண் சுவரைத் தடவிப் பார்த்தார்கள், கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். துடைத்த கண்ணாடிக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். நடுவில் பளபளா.

நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வெளிப் பலகைக்குப் போனேன்.

மூன்று விரலை வைத்து அளந்து முதல் கோட்டை இழுத்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. படம் எடுப்பவர் என்னைப் பார்த்துவிட்டுக் கேமராவை அழுத்தினார். ஏரிப் பக்கமிருந்து ஒரு குருவி நேராக வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கைக்கெட்டும் தூரத்தில் சட்டென்று எழும்பிக் கூரைக்கு மேலே போயிற்று. “போடி தங்கம்” என்று சத்தமாகவே சொன்னேன்.

பளபளா திரும்பிப் பார்த்தார்.

தாளில் கையெழுத்து விழவில்லை. மதியமே வேலை போய், மையத்தின் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

“பேப்பர்ல உன் படம்டி! அவங்களுக்குப் பின்னால, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கற. கீழ என்ன போட்டிருக்கான் தெரியுமா? ‘பரிசு நாளிலும் கண்ணாடியைப் பளபளவென்று துடைக்கும் பணியாளர்.’”

சிரித்ததில் எனக்குப் புரை ஏறியது. அடங்கிய பிறகுதான் கவனித்தேன். அக்காவின் குரலுக்குப் பின்னால் நாரைகளின் இரைச்சல். டிக்கெட் அறை திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

“சரி, அத விடு” என்றாள் அக்கா. “சுண்ணாம்பு டப்பாவ எங்கடி வெச்சுட்டுப் போன?”