ஏழாம் மாடி டுரியான்

லிஃப்ட் கதவு திறந்ததுமே செல்வநாயகிக்குக் குமட்டியது. மறுபடியும் டுரியான்!

'லிஃப்ட்டில் டுரியான் கொண்டுவரக் கூடாது' என்று நோட்டீஸ் எழுதி ஒட்டியதே அவள்தான். அந்த நோட்டீஸுக்கு அடியிலேயே நின்றுகொண்டு ஒரு வாரமாக யாரோ பழத்தை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்!

ஏழாம் மாடியில் இறங்கினால் அங்கேயும் அதே வாடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள். அது நாலு வீடு தள்ளி, நூர் பீவி வாசலில் கொண்டுபோய் விட்டது. கதவைப் படபடவென்று தட்டினாள்.

"டுரியான்ல நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாம் இருக்கு, எனக்கும் தெரியும்லா! ரோட்டோரம் நின்னு சாப்பிட்டுட்டு வர்றதுக்கு என்ன? எங்க உயிரை ஏன் வாங்கணும்?"

கதவைத் திறந்த நூர் பீவி, முக்காட்டை இழுத்து மூக்கை மூடியிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க செல்விக்கா. எனக்கே இந்த வாடை ஆகாது."

"அப்புறம் யாருக்கு இந்த விருந்து?"

நூர் பீவி உள்ளே கைகாட்டினாள். மேசைமேல் பிளந்த டுரியான். அதன்மேல் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார் அவள் கணவர் யூசுப். 'நாசி கண்டார்' சோற்றுக்கடையில் குழம்பு வைக்கிறவர். வாசத்திலேயே உப்பு சொல்லுகிறவர்.

"காய்ச்சல் வந்து போனதுலேருந்து மூக்கு செத்துப்போச்சுக்கா. கடையில குழம்பு அடிப்பிடிச்சதுகூடத் தெரியல. சரியானா வான்னு முதலாளி அனுப்பிட்டாரு. தினமும் எதையாவது மோந்து பழகுங்கன்னு டாக்டர் சொன்னாரு. கிராம்பு, ஏலக்காய், ஒண்ணும் ஏறல. இவருக்கு டுரியான்னா உசுரு. அதான்..."

யூசுப் நிமிர்ந்து சிரித்தார். "இன்னிக்குப் பழம் நல்ல பழம் போலருக்கே அக்கா! நீங்க திட்டுறதை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிறேன்."



மறுநாள் மாலை. வேலை விட்டு வந்த எதிர்வீட்டு சஞ்சீவ் லிஃப்ட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஐயோ, நாத்தம் தாங்கலலா ஆன்ட்டி! யாரு கொண்டாந்தது?"

ஒரு கையால் மூக்கையும் மறு கையால் கனத்த பையையும் பிடித்துக்கொண்டு நின்ற செல்வநாயகி முறைத்தாள்.

"நான்தான். உனக்கு நாத்தம் தெரியுதில்ல? சாமிக்கு நன்றி சொல்லிட்டு உள்ள ஏறு!"