ஆட்டுக் காது

அல்மாட்டியிலிருந்து வந்த பல்கலைக்கழகக் கடிதத்தில் ‘இடம் கிடைத்துள்ளது’ என்ற வரியை மட்டும் படித்துவிட்டு, அதை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்ட யெர்போல், அன்றே ஆட்டை அறுத்துவிட்டார். விருந்துக்குத் தெருவே வந்திருந்தது.

“பதினோரு வயசுல என் பொண்ணு காலேஜ் போறா! அம்மாவும் பொண்ணுமா அல்மாட்டி போய்ப் பரீட்சை எழுதிட்டு வந்தாங்க. எல்லாம் என் மூளை!”

“அப்போ உனக்கு மிச்சம் எதுவும் இல்லன்னு சொல்லு” என்றார் பக்கத்து வீட்டு தாவ்லெத்.

கறித்தட்டோடு வந்த மனைவி ஸௌலே, “ஏங்க, ஒரு நிமிஷம்...” என்றாள்.

“நீ போய் அடுப்பைப் பாரு. படிப்பைப் பத்தி உனக்கென்ன தெரியும்?”

“அப்பா, அந்தக் கடிதம்...” என்றாள் மகள் அய்பிகே.

“பெரியவங்க பேசறப்போ குறுக்கே பேசாதடா, மேதை!”

விருந்தின் மூத்தவர் வழக்கப்படி, வெந்த ஆட்டுத்தலையிலிருந்து காதை அறுத்துக் குழந்தையிடம் நீட்டினார். “சாப்பிடு கண்ணு. அப்பத்தான் சொல்றதைக் காது குடுத்துக் கேப்பே.”

அய்பிகே அதை வாங்கி அப்பாவின் தட்டில் வைத்தாள்.

“இது உங்களுக்குத்தாம்ப்பா வேணும். கடிதத்துல இருக்கறது அம்மா பேரு. பரீட்சை எழுதினது அவங்க. நான் துணைக்குத்தான் போனேன்.”