கால் நனையாதவர்

பால் வந்தது. தேநீர் கொதித்தது. பேராசிரியர் நீலாத்ரி கஞ்ஜிலால் இரண்டு பிஸ்கட்டை நனைத்துத் தின்றுவிட்டு, சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு தன் அடுத்த புத்தகத்தைச் சொல்லத் தொடங்கினார். மனைவி கேயா மடிக்கணினியில் தட்டினாள்.

நடு வாக்கியத்தில் அவருக்குச் சொல் வரவில்லை. நிறுத்திவிட்டு விட்டத்தைப் பார்த்தார். அவள் விரல்கள் மட்டும் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு மாட்டினான்," என்றார்.

"யாரு?"

"அந்த முகமூடிதான். 'ஒரு வாசகன்'."

கொல்கத்தாவில் கங்கைக்குப் பேர் ஹூக்ளி. அவருடைய 'ஹூக்ளியின் படித்துறைகள்' புத்தகம் வெளிவந்தபோது ஊரே கொண்டாடியது. போன மாதம் ஒரு சிற்றிதழில் 'ஒரு வாசகன்' அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டான். அதில் ஒரு வரி, 'ஆசிரியர் கால் நனையாமலே கங்கையில் முழுகி எழுந்திருக்கிறார்.'

அந்த வரி காபி ஹவுஸ் மேஜை மேஜையாகப் போயிற்று. மழை பெய்து காலேஜ் தெருவில் தண்ணீர் நின்றால் போதும், "நீலாத்ரி-தா, பார்த்து, கால் நனைஞ்சிடப் போகுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். வங்காளத்தில் 'தா' என்றால் அண்ணா.

"அவ்வளவு மோசமாவா எழுதியிருக்கான்?" என்றாள் கேயா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மோசமா எழுதியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேனே! நல்லா எழுதித் தொலைச்சிருக்கான். அதான் வயிறு எரியுது."

மதியம் பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறைக் கூடம் நிரம்பி வழிந்தது. புதிய மின்னணு ஆய்வு மையத்துக்கு இயக்குநர் யார் என்று டீன் மணிமய் பாபு அன்று சொல்வதாக இருந்தார். ஒன்று நீலாத்ரி, இல்லையென்றால் அதே துறைப் பேராசிரியர் பிரபீர் லாஹிரி. எழுத்து நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் நீலாத்ரியின் மென்பொருள் எல்லார் முன்னாலும் வேலை செய்தால் நாற்காலி அவருக்கு.

"பேரை மறைக்கலாம், நடையை மறைக்க முடியாது," என்று ஆரம்பித்தார். "'ஆனாலும்', 'அப்படியானால்' மாதிரி சின்னச் சின்ன வார்த்தையை நாம எங்கெங்கே, எத்தனை தடவை போடுறோம்னு நமக்கே தெரியாது. கணினிக்குத் தெரியும். அந்த வாசகன் யாருன்னு இப்போ அது சொல்லும்."

"என் கட்டுரையையும் போட்டிருக்கீங்களா நீலாத்ரி-தா?" என்றார் பிரபீர்.

"உன்னோடதைத்தான் முதல்ல போட்டேன்."

கூடம் சிரித்தது.

"என் புத்தகத்தையும் சேர்த்திருக்கேன். துறையில ஒருத்தர் பாக்கி இல்ல. நாளைக்கு யாரும் ஓரவஞ்சனைன்னு சொல்லிடக் கூடாது பாரு."

ஆராய்ச்சி மாணவி ரிமி பொத்தானை அழுத்தினாள். திரையில் பெயர்கள் ஏறி இறங்கின. பிரபீர் அடியில் எங்கோ போய்க் கிடந்தார். உச்சியில் ஒரு பெயர் நின்றது. பொருத்தம் தொண்ணூற்று நான்கு சதவீதம்.

நீலாத்ரி கஞ்ஜிலால்.

"மறுபடியும் போடும்மா."

ரிமி மறுபடியும் போட்டாள். பெயர் அசையவில்லை.

பிரபீர் தொடையைத் தட்டினார். "அடடா! தன் புத்தகத்தைத் தானே திட்டி விளம்பரமா? இந்த யோசனை எனக்கு வராமப் போச்சே நீலாத்ரி-தா!"

நீலாத்ரி திரையைப் பார்த்தார். இயந்திரம் தப்பு என்றால் நாற்காலி போச்சு. இயந்திரம் சரி என்றால் மானம் போச்சு.

அப்போது முன்வரிசையில் டீன் எழுந்தார். கம்யூனிஸ்ட் கட்சியில் முடி நரைத்தவர். கண் கலங்கியிருந்தது.

"சிரிக்காதீங்கப்பா. இதுக்குப் பேர் சுயவிமர்சனம். எங்க காலத்துல கட்சிக் கூட்டத்துல எழுந்து நின்னு பண்ணுவோம், அதுவும் மேலிடம் கண்ணை உருட்டினா. இந்த மனுஷன் யாரும் கேக்காம, பேரையும் மறைச்சு, தன்னைத் தானே உரிச்சுப் போட்டிருக்கார். நீலாத்ரி, நீங்கதானே எழுதினீங்க?"

கூடம் முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"ஆமா," என்றார் நீலாத்ரி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளியே தெரிய வேணாம்னு இருந்தேன்."

கைதட்டல் அடங்கவே இல்லை. பிரபீர்கூட எழுந்து நின்று தட்டினார். "அந்தக் கட்டுரை நல்லா இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டார். நாற்காலி நீலாத்ரிக்கு வந்தது.

சாயங்காலம் அவர் ஒரு பெட்டி ஈச்சவெல்ல சந்தேஷ் இனிப்போடு வீட்டுக்குள் நுழைந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்து, டீனின் கண்ணீர் வரைக்கும் நடித்தே காட்டினார். கேயா ஒரு சந்தேஷை எடுத்துக் கடித்தபடி கேட்டாள்.

"கணினிக்குப் புத்தி பேதலிச்சுது, எனக்குப் பதவி வந்துது! எழுதினவன் எவனோ, இனிமே வாயைத் திறக்க முடியுமா? நான்தான் எழுதினேன்னு ஊரே கைதட்டியாச்சு!"

கேயா மென்றதை விழுங்கினாள். விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ, உங்க புத்தகங்களை மாதிரியே அதையும் நான் எழுதல."