தங்கராஜ் சார் பார்க்கிறார்

அலுவலகத்தின் உள் இணையதளத்தில் ‘நம் ஊழியர்கள்’ என்ற பக்கத்தை உருவாக்கியது இளமாறன்தான். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தங்கராஜ் என்று இல்லாத ஓர் ஆளை அதில் சேர்த்தான். யார் எதைக் கேட்டாலும் ‘பார்த்துட்டுச் சொல்றேன்’ என்று பதில் போகும்படி வைத்தான். பிறகு அழிக்க மறந்துவிட்டான்.

அங்கே யாருக்கு என்ன பதவி என்பதை மென்பொருளே முடிவு செய்யும். லீவே எடுக்காத, யாரிடமும் எரிந்து விழாத, எல்லா மெயிலுக்கும் நொடியில் பதில் போடுகிற தங்கராஜை அது எட்டே மாதத்தில் மேனேஜர் ஆக்கியது. அதுவும் இளமாறனுக்கு மேனேஜர்.

பழனியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். லீவு கேட்டான்.

‘பார்த்துட்டுச் சொல்றேன்.’

ஆத்திரத்தில் அந்தப் பெயரையே அழிக்கப் போனான். அதற்கு மேனேஜர் ஒப்புதல் வேண்டும் என்றது அவன் உருவாக்கிய பக்கம்.

எச்.ஆர். கோமதியிடம் ஓடினான். “மேடம், அப்படி ஒரு ஆளே கிடையாது. நான் சும்மா போட்ட பேரு!”

“தெரியும் இளமாறன். ஆனா அவர் வந்தப்புறம் மேனேஜர் மேல ஒரு புகார்கூட வரலையே!”

அக்கா போன் செய்தாள். “ஒரு வாரமா உன் மேனேஜர் பாக்குறாரு, பாக்குறாருன்னே சொல்றே. ஆசாரிக்குச் சொல்லணும்டா. நீ வருவியா, மாட்டியா?”

“பார்த்துட்டுச் சொல்றேன்க்கா.”



“ஏன்டா, உன்னையும் மேனேஜர் ஆக்கிட்டாங்களா?”