ஏழும் எட்டும்

மீன்பிடி வல்லம் சாய்ந்ததும் டீச்சர் இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு வருடமாக இந்தக் கரையில் தலைமையாசிரியை. கடலுக்குள் வருவது இதுதான் முதல் தடவை.

ஒரு கையெழுத்துக்காக வந்திருந்தாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் அவள் பள்ளி, ஜூன் முதல் நடுநிலைப் பள்ளி ஆகிறது. எந்தெந்த வகுப்புகளைத் திறப்பது என்று இன்று மதியத்துக்குள் சொல்லியாக வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள்.

ஆறு. ஏழு. எட்டு.

ஆறில் மட்டும் டிக் போட்டிருந்தாள். புது அறை ஒன்றுதான். வரப்போகும் ஆசிரியர்கள் இரண்டே பேர். தவிரவும், ஆறு படித்த பிள்ளை ஊரில் இருந்தால்தானே ஏழைத் திறக்க முடியும்?

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி இருளாயி கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இருளாயி விடியற்காலையிலேயே பாசி எடுக்கக் கடலுக்குப் போய்விட்டாள்.

பாறைத்திட்டின் அருகே வல்லம் நின்றது.

யாரையும் காணோம். பெண்கள் வந்த வல்லம் மட்டும் நங்கூரம் போட்டுக் கிடந்தது. உள்ளே சோற்றுத் தூக்குகள்.

தண்ணீர் பிளந்து ஒரு தலை மேலே வந்தது.

முகத்தில் கண்ணாடி. விரல்களில் துணிச் சுற்று. இடுப்பில் கனத்துத் தொங்கும் பை. டீச்சரைக் கண்டதும் கண்ணாடியை அவசரமாக நெற்றிக்கு ஏற்றியது.

"வணக்கம் டீச்சர்."

வேணி. இருளாயியின் மகள். இரண்டு வருடத்துக்கு முன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவள். அடுத்த பள்ளி ஒன்பது கிலோமீட்டர்.

பையைப் பெண்களின் வல்லத்தில் கவிழ்த்துவிட்டு மறுபடி மூழ்கினாள்.

டீச்சர் தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டாள். முடியவில்லை. விட்டாள். மறுபடி இழுத்தாள். விட்டாள்.

வேணி இன்னும் வரவில்லை.

வந்தபோது தனியாக வரவில்லை. தங்கசேது. மாரிச்செல்வி. ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கிய ரம்யா. இன்னும், இன்னும். ஒன்பது பேர். எல்லோருக்கும் டீச்சர்தான் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் ஒரு முறைகூட எட்டிப் பார்க்காத ஆழத்திலிருந்து, கை நிறைய அள்ளிக்கொண்டு, சிரித்தபடி வந்தார்கள்.

பின்னாலேயே மேலே வந்த இருளாயியிடம் டீச்சர் படிவத்தை நீட்டினாள்.

இருளாயி வல்லத்தின் விளிம்பைப் பற்றியபடி படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஆறு மட்டும்னா... இதுக யாரும் அதுல இல்லியே டீச்சர்."

"ஆறு படிக்காம எப்படி இருளாயி..."

பாதியில் நிறுத்தினாள். வயதுக்கேற்ற வகுப்பில் நேரே சேர்க்கலாம் என்று விதி உண்டு. பயிற்சியில் கேட்டு, குறித்துக்கொண்ட விதி. ஒருவருக்கும் அதைப் பயன்படுத்தியதில்லை.

"வயசுக்கு இவளை எட்டுலயே சேக்கலாம். அனுப்புவியா? உனக்கு ஒரு பை குறையுமே."

இருளாயி மகளைப் பார்த்தாள்.

"குறைஞ்சா குறையுது."

"ஆறு, ஏழுல உள்ளது ஒண்ணும் தெரியாதே டீச்சர்," என்றாள் வேணி.

"நான் சொல்லித் தாரேன். ஞாயித்துக்கிழமையும் வரணும்."

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

டீச்சர் ஏழில் டிக் போட்டாள். எட்டில் போடும்போது யாருடைய கூந்தலிலிருந்தோ சொட்டிய நீரில் மை கட்டத்தைத் தாண்டிப் படர்ந்தது. இருளாயி அதன் கீழே கையெழுத்திட்டாள். எல்லோரும் மறுபடி பாசிக்கு மூழ்கினார்கள்.

படிவத்தைப் படம் எடுத்து அனுப்பிய ஐந்தாவது நிமிடம் கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு.

"என்ன மேடம், ஏழு எட்டும் போட்டிருக்கீங்க? பிள்ளைங்க இருக்காங்களா?"

"இருக்காங்க சார். ஒன்பது பேர்."

"அந்த ஊர்லயா? எங்க இருக்காங்க?"

திரும்பிப் பார்த்தாள்.

வெயிலில் தகதகத்தபடி, வானம் தொடும் இடம்வரை வெறும் கடல். ஒரு தலைகூட இல்லை.

"ஒரு நிமிஷம் இருங்க சார்," என்றாள்.