வண்டியில் இடமில்லை

அண்ணாமலையார்மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் நாக்கு அழுகிப் போகட்டும். கார்த்திகை தீபத்தில் பீடி பற்ற வைத்தவன் கதையை நான்தான் உங்களுக்குச் சொன்னேன். அதை நம்ப வேண்டாம். இதை நம்பித்தான் ஆகவேண்டும்.

வேங்கிக்காலில் எங்கள் தெரு புதுசு. மற்ற தெருக்களில் குடிவந்தவனிடம் சாதி கேட்பார்கள். எங்கள் தெருவில் என்ன வண்டி என்று கேட்பார்கள்.

"நடராஜா சர்வீஸ்" என்பான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் காசி. முதலில் சிரித்துக்கொண்டு சொன்னான். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் தெருவுக்கு டவுன் பஸ் கிடையாது. எல்லாரும் வண்டி வாங்கிவிட்டதால் கேட்கவும் ஆளில்லை.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அவன் பெண்டாட்டி வள்ளிக்கு அப்போதுதான் வயிறு திறந்திருந்தது. ஒன்பதாம் மாசம். ஆஸ்பத்திரிக்குப் போக மெயின் ரோடு வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோடிவீட்டுச் சின்னசாமியின் மாருதி வேன் வரும். பின்னால் சீட்டைக்கூடக் கழற்றிப் போட்டிருந்தார். அவ்வளவும் காலி. ஆனால் நிற்காது.

"கோயில் தேரே நின்னு நின்னுதான் போவுது. இந்தாளு வண்டிக்கு மட்டும் நிக்கத் தெரியல பாரு" என்பாள் எதிர்வீட்டுப் பாஞ்சாலை.

ஒருநாள் வள்ளியே கை காட்டி நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, ரோடு வரைக்கும் விட்டுடுங்கண்ணா. கால் வீங்கிப்போச்சு."

சின்னசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வண்டில எடம் இல்லம்மா."

காலி வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"விடு. நடந்தா சுகப்பிரசவம் ஆவும்னு டாக்டரம்மாவே சொல்லுது" என்றான் காசி. அவன் குரலே நடந்து களைத்த மாதிரி இருந்தது.

பௌர்ணமியன்று மத்தியானம் வள்ளிக்கு வலி எடுத்தது. ஊர் ஆட்டோ எல்லாம் கிரிவலக் கூட்டத்தை ஏற்றப் போய்விட்டது. தெருவில் ஸ்கூட்டர்கள் நின்றன. துடிக்கிறவளை அதில் எப்படி உட்கார வைப்பது? நாலு சக்கரம் என்றால் சின்னசாமி வேன் ஒன்றுதான்.

காசி ஓடினான். "அண்ணா, நீங்க வரவேணாம். சாவிய மட்டும் குடுங்க."

"இந்த வண்டி வேணாம்பா."

"பத்து வருசம் கழிச்சுப் பொறக்கிற புள்ளண்ணா!"

"அதுக்குத்தான் வேணாம்ன்றேன்." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினார் சின்னசாமி.

"ஓடறான் பாரு, மனுசனா இவன்!" என்று மண்ணை வாரித் தூற்றினாள் பாஞ்சாலை.

ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆட்டோவோடு திரும்பி வந்தார். நடுரோட்டில் குறுக்கே படுத்து மறித்தாராம். "மலை சுத்தத்தானே வந்தீங்க? இங்கேருந்தே நடங்க, புண்ணியம் ஜாஸ்தி" என்று உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டாராம். வள்ளியை ஏற்றினார்கள். அவரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ கிளம்பியது.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் குறையில்லை.

டீ வாங்க ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போன காசி, அங்கே அந்த வேன் நிற்பதைப் பார்த்தான். உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"இங்க வர்றதுக்கு மட்டும் வண்டில எடம் இருக்குதா?" என்று கத்திக்கொண்டே போனான்.

பின்கதவு திறந்திருந்தது. சீட்டைக் கழற்றிய இடத்தில் வெள்ளைத்துணி சுற்றிய ஓர் உடம்பு கிடந்தது. பக்கத்தில் அடி அண்ணாமலை கிராமத்துக் கருப்பன் குந்தியிருந்தார்.

"எம் பொண்டாட்டி, தம்பி. பொணம்னதும் எந்தக் கார்க்காரனும் வரமாட்டேன்னுட்டான். எங்களாட்டம் ஜனங்கள இவருதான் வூடு சேக்கிறாரு. பெட்ரோலுக்குக்கூடக் கை நீட்டமாட்டாரு."

சின்னசாமி காசியின் தோளைத் தொடப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"காலையிலயும் ஒருத்தர எறக்கிட்டுத்தாம்பா வந்தேன். வாயும் வயிறுமா நிக்கிறவள அதுல எப்படி ஏத்துவேன்?"

இதைக் காசி என்னிடம் மட்டும்தான் சொன்னான். நீங்கள் வெளியே விட்டாலும், சொன்னது இந்தக் கிழவன் என்று மட்டும் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள். விஷயம் தெரிந்தால் அந்த வேனைத் தெருவுக்குள் விடமாட்டார்கள்.

என்னிடமும் கார் கிடையாது பாருங்கள். என்றைக்கானாலும் எனக்கு அதில்தான் இடம்.